அடிநாக்கில் ஒரு கசப்பு

சாப்பாட்டை யாராவது பாதியில் தள்ளி வைத்தால் மாஸ்டருக்குப் பொறுக்காது. கல்யாணப் பந்தியில் அப்படி இருந்தால் தொழில் பக்தி என்று விட்டுவிடலாம். இவர் டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைச் செய்வார். கையில் இரண்டு ஊசி ஏறியிருக்கும், ரத்தம் ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் திரும்பி வந்துகொண்டிருக்கும், கண் மட்டும் பக்கத்துக் கட்டில்காரரின் டிபன் பாக்ஸ் மேல் இருக்கும். "ஏப்பா, இட்லிய ஏன் வச்சுட்ட?" என்று ஆரம்பிப்பார். நன்றாக இல்லை என்று அந்த ஆள் சொல்லித் தொலைத்தால் போச்சு. மாவுக்கு உளுந்து எவ்வளவு, யார் அரைத்தது, எப்போது அரைத்தது என்று மிஷின் நிற்கும்வரை விசாரணை ஓடும்.

நான் அங்கே டெக்னீஷியன். புதுக்கோட்டையில் ஒரு சின்ன சென்டர், பெயர் எதற்கு. மாஸ்டர் செவ்வாயும் வெள்ளியும் அரிமளத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, நாங்கள் கதவு திறக்கும் முன்பே வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். கல்யாணச் சமையல் மாஸ்டர். கிட்னி போன பிறகு அண்டாவையும் ஆட்களையும் மகனிடம் ஒப்படைத்துவிட்டார். மாஸ்டர் என்ற பெயரை மட்டும் யாரும் அவரிடமிருந்து வாங்கவில்லை. ஃபைலில் ஒரு பெயர் இருந்தது, அதைச் சொல்லி ஒருநாளும் நான் கூப்பிட்டதில்லை. அவரும் என்னை சிஸ்டர் என்றோ மேடம் என்றோ கூப்பிட்டதில்லை. ஆத்தா என்பார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதும் செவ்வாய்க்கிழமை காலையில் வராந்தா பெஞ்சு காலியாக இருந்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அவருக்குப் பேர் கிடைத்ததே பாகற்காயில்தான். கல்யாணப் பந்தியில் பாகற்காய் போட எந்தச் சமையல்காரரும் துணிய மாட்டார். இவர் போடுவார். உப்பும் மஞ்சளும் பிசிறி, ஊறவைத்து, பிழிந்து, புளித்தண்ணீரில் ஒரு கொதி விட்டு, அப்புறம் எண்ணெயில் சுருள வதக்கி என்று அவர் சொல்லச் சொல்ல, உப்பில்லாத சோறு தின்று நாக்குச் செத்துப்போன எங்கள் நோயாளிகள் எச்சில் விழுங்குவார்கள். மூன்றாம் தடவை கறி கேட்டு வாங்கின மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு அது என்ன காய் என்று கடைசிவரை தெரியாதாம். சொன்னீர்களா என்று கேட்டேன்.

"பாகக்காய்னு தெரிஞ்சா அந்த மனுசன் எலையில வைக்க விடுவாரா ஆத்தா? சாப்புட்டு முடிச்ச பொறகு சொல்லலாம். சொல்லாட்டி இன்னும் நல்லது."

இந்தக் குணம் சமையலோடு நின்றிருந்தால் நானும் ரசித்துவிட்டுப் போயிருப்பேன். மாஸ்டர் எல்லாவற்றிலும் அப்படித்தான். புதிதாக வருகிறவர்களிடம், ஊசி எறும்பு கடிக்கிற மாதிரிகூட இருக்காது என்று அடித்துச் சொல்லுவார். அந்த ஊசியின் தடிமனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய புளுகு என்று. குத்தினதும் அந்த ஆள் அலறிவிட்டு என்னைத்தான் முறைப்பார்.

சாவையும் அப்படித்தான் சொல்லுவார். எங்கள் இடத்தில் திடீரென்று ஒரு கட்டில் காலியாகும். எங்கே அவரைக் காணோம் என்று யாராவது கேட்டால், நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே மாஸ்டர் முந்திக்கொள்வார். "அவர மதுரைக்கு மாத்திட்டாங்க. அங்கிட்டு வசதி கூட." கேட்டவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார். மதுரை என்றால் என்ன என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கு இது பிடிக்காது. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். மதுரையில் இத்தனை பேருக்குக் கட்டில் கிடையாது மாஸ்டர் என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, உள்ளதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, நாலு வாய் சோறு இறங்காமல் போகும், அவ்வளவுதானே என்றார்.

மல்லிகா வந்தது அதற்குப் பிறகு. கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு கிராமம், வீட்டைச் சுற்றி முந்திரித் தோப்பு. முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்துப்போன விரல்கள். வயது முப்பதைத் தொடவில்லை. அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் டிரைவராக இருந்தவர். இவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்து, உள்ளூரில் ஒரு லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். அவளை உள்ளே படுக்க வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரமும் உட்கார்ந்திருப்பார்.

மல்லிகா சாப்பிட மாட்டாள். அதுதான் பிரச்சினை. டயாலிசிஸ்காரர்களுக்கு நாங்கள் சொல்லுகிற பத்தியம் அப்படி. தண்ணீர் அளவாகத்தான் குடிக்கவேண்டும். உப்பைக் குறைக்கவேண்டும், ஏனென்றால் அதில் சோடியம். இளநீர், வாழைப்பழம், தக்காளி, கீரை தொடக்கூடாது, ஏனென்றால் அதில் பொட்டாசியம். காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கையைத் தின்னவேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி, பொட்டாசியம் என்றால் இளநீர், சோடியம் என்றால் உப்பு என்று எங்கள் நோயாளிகள் மனதில் இரண்டு தனித்தனி டப்பா விழுந்துவிட்டது. மல்லிகா இரண்டையும் ஒழுங்காக விட்டாள். கூடவே சோற்றையும் விட்டுவிட்டாள். மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி டிபன் பாக்ஸை மூடிவிடுவாள். எலும்பும் தோலுமாக ஆனாள். சாப்பிடாவிட்டால் இந்த உடம்பு மிஷினைத் தாங்காது, இரண்டு மாதத்துக்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் அவள் வீட்டுக்காரரிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

அதை மாஸ்டர் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவருக்கு வேறு வேலை இல்லை. சீரகத்தை எவ்வளவு வறுக்கலாம், பூண்டை எப்போது தட்டிப் போட்டால் உப்பில்லாத குறை தெரியாது என்று அந்த மனிதருக்கு வராந்தாவிலேயே வகுப்பு எடுத்தார். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போய் ரசம் வைத்தார். அவள் ஒரு வாய் வாங்கிவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். மாஸ்டருக்கு அது பெரிய அவமானம். வாழ்க்கையில் தோற்காத ஆள் தோற்றுப்போன மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அரிமளம் பஸ் ஏறுவார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மல்லிகா சிரித்துக்கொண்டே வந்தாள். சோறு இறங்குகிறதாம், ரசம் ரசம் மாதிரி இருக்கிறதாம். கொண்டுவந்த சோற்றை மிஷினில் இருந்தபடியே முழுக்கச் சாப்பிட்டாள். சீரகம் ஒருவழியாக வேலை செய்துவிட்டது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். மாஸ்டர் போர்வைக்குள் கால் ஆட்டிக்கொண்டு படுத்திருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான், எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பிரஷர் உள்ளவர்களுக்கு ரொம்ப நல்லது, இதயத்துக்கும் நல்லது என்று கடைப்பையன் சொல்லியிருக்கிறான். உப்பைக் குறை, சோடியத்தைக் குறை என்று நாங்கள் வாரம் இரண்டு தடவை ஓதுகிறோம், இங்கே உப்பே சோடியம் குறைவாக வந்து நிற்கிறது. வாங்கிப்போய் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். முதலில் உப்பு கரித்தது. விழுங்கின பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு நின்றது.

வேறு யாராக இருந்தாலும் தூ என்று துப்பிவிட்டுப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். பாகற்காயை ஜெயித்தவருக்கு இது எம்மாத்திரம்? தன் வீட்டு அடுப்படியில் சில நாட்கள் மெனக்கெட்டு, சீரகமும் மிளகும் கருகும் பதத்துக்கு முன்னால் வறுத்து, பூண்டை வெயிலில் காயவைத்துப் பொடித்து, அந்த உப்போடு கலந்து, கசப்பு சுத்தமாகத் தெரியாத ஒரு பொடி செய்துவிட்டார். தானும் சாப்பிட்டுப் பார்த்தார். ஒரு பாட்டிலில் போட்டு மல்லிகாவின் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். உப்பு என்ற பேச்சு எடுத்தாலே இந்த ஆத்தா கத்தும் என்று என்னிடம் மட்டும் சொல்லாமல் விட்டார்.

அடுத்த வெள்ளி அவள் வரவில்லை. நார்த்தாமலையில் அக்கா பிள்ளைக்கு மொட்டையடித்துக் காதுகுத்து. தாய்மாமன் வீட்டுச் சீர் செய்கிற இடத்தில் சித்தி இல்லாவிட்டால் எப்படி என்று ஒரு டயாலிசிஸை விட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு இது. திங்கட்கிழமை அவளுக்குக் கால் கனத்தது. செவ்வாய் விடியும்போது கையையும் தூக்க முடியவில்லை. அவள் வீட்டுக்காரர் வேனின் பின்னால் பாய் விரித்துப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார். வராந்தாவில் இருந்த மாஸ்டர்தான் முதலில் எழுந்து ஓடிப்போய் வேன் கதவைத் திறந்தவர். ஈசிஜி எடுத்தோம். கோடுகள் அகன்று போயிருந்தன, இதயம் நிற்கப்போவதற்கு அடையாளம். டாக்டர் ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. மிஷினில் போட நேரம் கிடைக்கவில்லை.

அன்று மற்றவர்களுக்கு வழக்கம்போல மிஷின் ஓடியது. ஓடத்தானே வேண்டும். மாஸ்டருக்குப் பக்கத்தில் படுத்திருந்த பெரியவர் மெதுவாகக் கேட்டார், அந்தப் புள்ளையை மதுரைக்கு மாற்றிவிட்டார்களா மாஸ்டர் என்று. மாஸ்டர் மிஷினில் சுற்றுகிற ரத்தத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கம் என்று ரிசல்ட் வந்ததும் டாக்டர் பயந்துபோய் அந்த ஷிப்டில் இருந்த எல்லாருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். மாஸ்டருக்கும் கூடியிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவருக்குக் கூடியதில்லை. இளநீர் குடித்தீர்களா என்று டாக்டர் சத்தம் போட்டார். பெற்ற தாய் மேல் சத்தியமாக இல்லை என்றார் மாஸ்டர். அப்படியானால் புதிதாக என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுத் தன் மஞ்சள் பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தார். மகனுக்குப் போன் போட்டு வீட்டில் இருந்த உப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். பொடி எழுத்தில் இருந்தது. பொட்டாசியம் குளோரைடு. அதற்குக் கீழே, கிட்னி நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்று இங்கிலீஷில்.

எனக்கு அது பழக்கமான பொருள்தான். படிக்கும்போது லேபில் ஒரு தாளில் சாப்பாட்டு உப்பையும் இன்னொரு தாளில் இதையும் கொட்டி எது எது என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே மாதிரிக் குருணை, இரண்டும் தண்ணீரில் நொடியில் கரைந்துவிடும். நெருப்பில் காட்டினால்தான் வித்தியாசம், ஒன்று மஞ்சளாக எரியும், மற்றது ஊதாவாக. ஆஸ்பத்திரிகளில் இதே உப்பு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் மாதிரி இருக்கும். ட்ரிப்பில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றினால் மருந்து, அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் அதைத் தனியாகப் பூட்டி வைப்பார்கள். நல்ல கிட்னி உள்ளவர்கள் சாப்பிட்டால் பாதகமில்லை, மிஞ்சினது சிறுநீரில் போய்விடும். மாஸ்டருக்குச் சிறுநீர் இன்னும் கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. மல்லிகாவுக்குச் சுத்தமாக நின்று வெகுநாள் ஆகியிருந்தது.

இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன், எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது. அவர் ஒன்றுதான் கேட்டார்.

"கடலக் கொல்லைக்குப் போடுவோமே பொட்டாஷ் ஒரம், செவப்பா? அதுவா ஆத்தா?"

அதே உப்புதான், அதை நிறம் இல்லாமல் சுத்தம் செய்தது என்றேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நல்ல மனிதர். அந்த உப்புதான் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஒரு டயாலிசிஸை விட்டிருக்கிறார்கள், விருந்தில் என்ன சாப்பிட்டாளோ, அவள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லி அவரையும் நோகடிக்க வேண்டாம் என்றார். டாக்டர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இத்தனை காலமும் மற்றவர்களுக்கு மாஸ்டர் செய்ததைத்தான் டாக்டர் மாஸ்டருக்குச் செய்தார். ஆனால் மாஸ்டர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"அடிநாக்குல கசந்துச்சுங்க டாக்டர். எனக்குத் தெரிஞ்சுச்சு. அதச் சொன்னா அந்தப் புள்ள வாயில வைக்காதுன்னுதான் அந்தக் கசப்ப எடுத்தேன்."

அதற்கப்புறம் அவர் யார் டிபன் பாக்ஸையும் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவர் வேண்டுமென்றே இட்லியை மீதி வைத்துப் பார்த்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று. அவரை அந்த நிலையில் பார்த்த பிறகு கோபமும் நிற்கவில்லை. மருந்து அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மல்லிகாவின் வீட்டுக்காரர் காலையிலேயே வந்தார். மொட்டைத் தலை. கையில் கருமாதிப் பத்திரிகை. எங்களுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்துவிட்டு மாஸ்டர் கட்டிலுக்குப் போனார். மாஸ்டருக்கு அப்போதுதான் ஊசி ஏற்றி மிஷினை ஓடவிட்டிருந்தேன். எழுந்து உட்காரவும் முடியாது, எங்கேயும் போகவும் முடியாது. எங்கள் பக்கம் காரியத்தன்று படையலில் செத்தவர்களுக்குப் பிடித்ததை வைப்பார்கள். பீடி குடித்தவருக்குப் பீடி, டீ குடித்தவருக்கு டீ. அதைப் பற்றித்தான் அவர் பேச வந்திருந்தார்.

"ஒங்க பாட்டில் காலியாயிருச்சுண்ணே. இன்னும் ரெண்டு ஸ்பூன் இருந்தாக் குடுங்க. படையலுக்கு அந்த ரசத்தையே வச்சுர்றேன். ஞாயித்துக்கெழம ராத்திரி ரெண்டு தடவ கேட்டு வாங்கிக் குடிச்சா. அவளுக்குக் கடசியாப் பிடிச்சது அதுதான்."

நான் மிஷினுக்குப் பின்னால் நின்று மாஸ்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. உண்மையை உடைத்துச் சொல்லவேண்டும் என்று அத்தனை நாள் அவரோடு சண்டை பிடித்த நான்தான். தீர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் போய்விடுவார். எத்தனையோ பேருக்கு நோகாமல் ஒன்றைச் சொல்லி அனுப்பியவருக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அந்தப் பொடிய வைக்காத தம்பி. அதுலதான் மல்லிகா செத்துப்போச்சு. அந்த உப்பு கிட்னி இல்லாதவுங்களுக்கு ஆகாதாம். எனக்குத் தெரியாது. கசந்துச்சு, அது மட்டும் தெரியும். அந்தக் கசப்பத் தெரியாம ஆக்கி ஒன் கையில குடுத்தது நான்தான்."

அந்த மனிதர் கையிலிருந்த மீதிப் பத்திரிகைகளைக் கட்டில்மேல் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார், நான் ஏதாவது மாற்றிச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்த மாதிரி. நான் குனிந்துகொண்டேன். அவர் அடிப்பார், கத்துவார் என்று நான் பயந்தேன். அவர் மாஸ்டரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஊசி இல்லாத கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ வயிறாரச் சாப்புட்டாண்ணே, கடசி நேரத்துல நானே ஆக்கிப் போட்டேன்னு, அத ஒண்ண நெனச்சுத்தான் படுக்குறேன். இனிமே நான் எத நெனைக்கிறது?"